ஆர்ஓஈயில் 'எம்' என்று போட்டால்

வேலையிலிருந்து கலைத்துவிட்டால், அதாவது நீக்கிவிட்டால், ஈ.ஐ. என்கிற வேலையிழப்புக் காப்புறுதிக் காசு கிடைக்காது என்று ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேச்சு இருக்கிறது. கோயில் அன்னதான வரிசையிலும் கேட்டிருக்கிறேன், கொத்துரொட்டிக்குக் காத்து நிற்கிற இடத்திலும் கேட்டிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை யாரும் சொல்லிக் கொடுக்காததால் விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் பேஸ்மென்ட் மேசையில் இருந்து ஊராருக்கு வரிப் பத்திரம் செய்து கொடுக்கிறவள். வரிக்கு வருகிற ஆட்கள் மற்றக் கடிதங்களையும் கொண்டு வந்துவிடுவார்கள். "அக்கா, இதையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ." அப்படி வந்த கடிதங்களால்தான் இந்த விஷயம் எனக்குப் பழகியது.

முதலில் அந்தப் பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் வேலை போனால் முதலாளி ஆர்ஓஈ என்ற வேலைப் பதிவுப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் 16ஆம் பெட்டியில் ஓர் எழுத்து இருக்கும். வேலை குறைந்து நிப்பாட்டினால் 'ஏ'. தானாக விட்டால் 'ஈ'. கலைத்துவிட்டால் 'எம்'. 'எம்' என்று வந்தால், ஈ.ஐ. விண்ணப்பங்களைப் பார்க்கிற அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடா உடனே காசு தராது. ஏன் கலைத்தார்கள் என்று முதலாளியையும் கேட்பார்கள், உங்களையும் கேட்பார்கள். விசாரித்துவிட்டு, நீங்கள் துர்நடத்தையால் வேலையை இழந்தீர்கள் என்று முடிவெடுத்தால் ஈ.ஐ. சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் வழமையான ஈ.ஐ. முழுதாக நின்றுவிடும். சில கிழமைக்கு வெட்டுவது இல்லை, முழுதாக. நோய், மகப்பேறு போன்றவற்றுக்குக் கிடைக்கிற கொடுப்பனவுகளை மட்டும் இந்தத் தடை தொடாது.

முன்பு இப்படி இருக்கவில்லை. இன்றைய ஈ.ஐ. சட்டத்துக்கு முன்னோடியான வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டம் 1940இல் வந்தது. கலைக்கப்பட்டவருக்குச் சில கிழமைக் காசை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதுதான் நெடுங்கால வழக்கம். 1990இல் அந்த வெட்டை ஏழு முதல் பன்னிரண்டு கிழமை என்று கூட்டினார்கள். 1993இல் ஒன்றுமே இல்லை என்று ஆக்கினார்கள். எண்பதுகளின் கடைசியில் வந்து உணவகங்களில் கோப்பை கழுவிய எங்கள் பெரியவர்கள் சிலர், "கொஞ்ச நாள் பிடிப்பாங்கள், பிறகு தருவாங்கள்" என்று இன்றும் சொல்வது அந்தக் காலத்து நினைவில்தான்.

இப்போது சொல்லப்படாத பாதி. கலைத்தது வேறு, துர்நடத்தை வேறு. வேலை சரியாகச் செய்யத் தெரியவில்லை என்றும் கலைக்கலாம், மனேஜருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றும் கலைக்கலாம். உண்மையிலேயே தவறி நடந்த ஒன்றுக்காகவும் கலைக்கலாம். அவையெல்லாம் துர்நடத்தை ஆகாது. இரண்டு விஷயம் சேர்ந்து இருக்க வேண்டும். செய்ததைத் தெரிந்து செய்திருக்க வேண்டும், அல்லது தெரிந்து செய்ததற்குச் சமமான அசட்டையோடு செய்திருக்க வேண்டும். அதோடு, இப்படிச் செய்தால் வேலை போகக்கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்திருக்க வேண்டும். 2007இல் குடிப்பழக்கத்தால் வேலை இழந்த ஒருவரின் வழக்கில் ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த மனிதர் தோற்றுவிட்டார், ஆனால் அந்த அளவுகோல்தான் இன்று வரைக்கும் எல்லாத் தீர்ப்பிலும் வருகிறது. இதை நிரூபிக்க வேண்டியது, சேர்விஸ் கனடா யாருக்காக முடிவெடுக்கிறதோ அந்த ஈ.ஐ. ஆணைக்குழு, நீங்கள் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலனை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லிச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணை இருக்கிறார். பாண் பொதி செய்கிற ஒரு பக்டரியில் பதினொரு வருட வேலை. மணிக்கு இருபது டொலர். ஒவ்வொரு கிழமையும் சம்பளத்தில் பதின்மூன்று டொலர் சொச்சம் ஈ.ஐ.க்கு வெட்டுப்படும். முதலாளி அதைப் போல 1.4 மடங்கு கட்ட வேண்டும். அண்ணை ஒருநாளும் அந்தக் காசை எடுத்ததில்லை.

பாணைப் பைக்குள் தள்ளி வாய் கட்டுகிற மெசின் அவருடையது. பிளாஸ்டிக் சுருள் அடிக்கடி உருளைக்குள் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் செய்ய வேண்டியது என்ன என்று சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கும். மெசினை நிப்பாட்டி, லைனின் மற்ற அந்தத்தில் இருக்கிற பெட்டிக்கு நடந்து போய், மின்சாரத்தை அணைத்து, கொழுவியில் தொங்குகிற தன் பெயர் போட்ட சிவப்புப் பூட்டைப் போட்டுப் பூட்டி, கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்துதான் கையை உள்ளே விடலாம். லொக் அவுட் என்பார்கள். ஒவ்வொரு முறையும் அதைச் செய்தால் லைன் நிற்கும். வெள்ளைப் பலகையில் மணிக்கு இத்தனை தட்டு என்று எழுதி வைத்திருக்கிற சுப்பவைசர் பக்கத்தில் வந்து நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். ஆகவே அந்த லைனில் எல்லோரும் சிவப்புப் பொத்தானை மட்டும் அமத்திவிட்டுக் கையை விட்டு இழுத்துவிடுவார்கள். பூட்டுகள் தூசி பிடித்துத் தொங்கும். சுப்பவைசரே இழுத்திருக்கிறார்.

ஒருநாள் வெளியிலிருந்து யாரோ பார்வையிட வந்தார்கள். பிளான்ட் மனேஜர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த நேரம் அண்ணையின் கை உருளைக்குள். பின்னேரமே கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். லொக்கரில் இருந்த ஜக்கற்றையும் சாப்பாட்டுப் பையையும் எடுக்கவிட்டு, கேற் வரைக்கும் ஒரு செக்கியூரிட்டி கூட வந்தாராம். பாதுகாப்பு விதியை மீறினார், ஆர்ஓஈயில் 'எம்'.

அவர் என்னிடம் வந்தபோது சேர்விஸ் கனடா ஏற்கெனவே மறுத்துவிட்டது. எனக்கு இந்த விவகாரத்தில் ஆகப் பெரிய ஆத்திரம் வருகிற இடம் இதுதான். அதற்கு முதல் ஒரு போன் வந்திருக்கிறது. ஒரு உத்தியோகத்தர் மரியாதையாகப் பேசியிருக்கிறார். "உங்களுக்கு அந்த விதி தெரியுமா?" யெஸ். "பயிற்சிக் கடதாசியில் கையெழுத்து வைத்தீர்களா?" யெஸ். "அப்படியானால் செய்தது பிழை என்று தெரியும்?" யெஸ், சொறி. சுப்பவைசரைப் பற்றி உத்தியோகத்தர் கேட்கவில்லை, அண்ணையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் பாவம், அவருக்கும் பிள்ளையள் இருக்கு."

எங்கள் ஆட்கள் போனில் அரசாங்கக் குரல் கேட்டால் எல்லாவற்றுக்கும் யெஸ் சொல்வார்கள். ஒத்துக்கொண்டுவிட்டால் விடுவான் என்று ஊரில் பழகிய பழக்கம். அங்கே அதற்குக் காரணம் இருந்தது. இங்கே அந்த யெஸ் எல்லாம் குறிப்பாகத் தட்டச்சாகிக் கோப்புக்குள் போய்விடும், பிறகு ஒவ்வொரு படியிலும் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். போன் வரும்போது ஆங்கிலம் ஓடாவிட்டால் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கேட்ட பதிலோடு நிற்காமல், நடந்ததை உங்கள் பக்கத்திலிருந்து முழுதாகச் சொல்லுங்கள். யாரெல்லாம் அதையே செய்தார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், முதல் யாருக்காவது எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்களா என்று எல்லாவற்றையும். சுப்பவைசர் பாவம்தான். அதற்காக நீங்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

மறுத்த முடிவு கைக்கு வந்து முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அண்ணைக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். ஆணைக்குழுவில் வேறொருவர் கோப்பைப் பார்த்துவிட்டு, விதி தெரிந்தே மீறியிருக்கிறார் என்று அதே பதிலை எழுதினார். பெரும்பாலான ஆட்கள் இந்த இரண்டாம் கடிதத்தோடு கையை விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. மறுபரிசீலனை முடிவு கிடைத்து இன்னொரு முப்பது நாளுக்குள் அங்கே மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் காசு கட்டத் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளரையும் அவர்களே தருவார்கள். விசாரிக்கிறவர் சேர்விஸ் கனடா ஆள் இல்லை. கோப்பைப் புதிதாகப் பார்ப்பார், உங்களைப் பேசவிட்டுக் கேட்பார்.

அங்கே போகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற பிழை ஒன்று, "முதலாளி எனக்கு அநியாயம் செய்துபோட்டான்" என்று முழு நேரமும் சொல்வது. அநியாயமாகவே இருக்கலாம். ஆனால் தீர்ப்பாயத்துக்கு அது வேலை இல்லை. முதலாளி கலைத்தது சரியா, தண்டனை கூடிப்போனதா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். உங்கள் நடத்தையை மட்டும்தான் பார்ப்பார்கள். கோவிட் தடுப்பூசி போடாமல் வேலை இழந்தவர்கள் பலர் இதில்தான் மாட்டுப்பட்டார்கள். அந்தக் கொள்கையே பிழை என்று வாதாடினார்கள். அதைத் தீர்க்கிற இடம் இந்தத் தீர்ப்பாயம் இல்லை என்று 2023இல் ஃபெடரல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அநியாயக் கலைப்புக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. ஒன்ராறியோ தொழில் அமைச்சில் முறைப்பாடு கொடுத்து, முன்னறிவித்தல் இல்லாமல் கலைத்ததற்கான சம்பளம் கேட்கலாம். பதினொரு வருடம் வேலை செய்தவருக்கு அது எட்டுக் கிழமைச் சம்பளம். அங்கே துர்நடத்தைக்கு வேறு அளவுகோல், முதலாளி கண்டும் காணாமல் விட்டதைப் பிறகு குற்றமாகக் காட்ட முடியாது என்று ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே வாயில் போட்டுக் குழப்பக் கூடாது.

ஆகவே அண்ணையிடம் அநியாயம் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம் என்றேன். தெரிந்துதான் கையை விட்டார், அதை மறுப்பதில் பிரயோசனம் இல்லை. கெட்ட நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை, தெரிந்து செய்தாலே போதும். எங்களுக்கு இருந்தது இரண்டாவது விஷயம் மட்டும்தான். பதினொரு வருடம் எல்லோரும் செய்து, பொறுப்பானவர் பார்த்து நின்று, ஒருவருக்கும் ஒரு துண்டுக் கடதாசியும் கொடுக்காத ஒன்றுக்காக வேலை போகும் என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்?

அவரோடு லைனில் நின்ற ஒரு பிலிப்பினோ அம்மா ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் இன்னும் அங்கே வேலை செய்கிறவர், எழுதத் தேவையே இல்லை. அந்தத் துணிச்சலை நான் எங்கள் ஆட்களிடம் எதிர்பார்த்தேன். அந்த லைனில் தமிழர் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

விசாரணை போனில் நடந்தது. எங்கள் குசினி மேசையில் ஸ்பீக்கரைப் போட்டு வைத்தோம். அண்ணை கோயிலுக்குப் போகிறது போல வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வந்தார், போனில்தான் என்று சொல்லியும். முதலாளி தரப்பில் யாரும் வரவில்லை. விசாரித்த பெண்மணி சுற்றிவளைக்காமல் கேட்டார். சிக்கினால் வழமையாக என்ன செய்வீர்கள்? சுப்பவைசர் எவ்வளவு தூரத்தில் நிற்பார்? பூட்டைக் கடைசியாக யார் பயன்படுத்தியதைப் பார்த்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு அண்ணை நிறைய நேரம் யோசித்துவிட்டு, "பயிற்சி நாளிலை, அந்தப் பயிற்சி தந்த ஆள்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்க, அந்தப் பக்கத்தில் எழுதுகிற சத்தம் கேட்டது.

சில கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. செய்தது தெரிந்து செய்ததுதான், ஆனால் அதற்காக வேலை போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை ஆணைக்குழு நிரூபிக்கவில்லை. துர்நடத்தை இல்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. போன வருடம் இன்னொரு பெடியன் வந்தான், எனக்குத் தூரத்துச் சொந்தம். வெயார்ஹவுஸ் வேலை. சனிக்கிழமை ஷிப்ட்டுக்கு வராமல் விட்டு இரண்டு தரம் எழுத்தில் எச்சரிக்கை. இரண்டாவதில் அடுத்த தரம் கலைப்போம் என்று தெளிவாக எழுதி, அவனும் கீழே கையெழுத்து வைத்திருக்கிறான். மூன்றாம் தரம் காய்ச்சல் என்று போன் அடித்துவிட்டு மார்க்கம் நகரத்தில் ஒரு ஹோலில் சாமத்திய வீட்டுக்குப் போய் ஆடியிருக்கிறான். ஆடினது பரவாயில்லை. படம் பேஸ்புக்கில், கலர் கண்ணாடியோடு, யாரோ அவன் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். "அது என்ர தனிப்பட்ட விஷயம் தானே அன்ரி?" என்றான். முகத்துக்கு நேரே சொன்னேன்: தம்பி, இதில் ஒன்றும் இல்லை, நேரத்தை வீணாக்காதே. மறுபரிசீலனை போட்டுத்தான் பார்த்தான். கிடைக்கவில்லை.

அவனுக்கு அதைவிட வலித்தது வேறொன்று. துர்நடத்தை என்று முடிவானால் அந்த வேலையிலும் அதற்கு முந்திய வேலையிலும் சேர்த்த மணித்தியாலங்களைப் பிறகு ஒரு விண்ணப்பத்துக்கும் எண்ண முடியாது. இடத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420இலிருந்து 700 மணித்தியாலம் வரைக்கும் தேவைப்படும், அதைப் புதிதாக உழைத்துச் சேர்க்க வேண்டும். அடுத்த வேலையில் இரண்டு மாதத்தில் ஆட்குறைப்பு நடந்து, 'ஏ' போட்ட நல்ல ஆர்ஓஈயோடு வந்தான். மணித்தியாலம் காணாது.

மனேஜர் அறைக்குள் கூப்பிட்டு, "கலைத்தால் உனக்குக் கெட்ட பெயர், நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்றால் அது உங்களுக்குச் செய்கிற உபகாரம் இல்லை. எழுதிக் கொடுத்தால் 'எம்' போய் 'ஈ' வரும். தகுந்த காரணம் இல்லாமல் தானாக விட்டவருக்கும் அதே 30ஆம் பிரிவு, அதே முழுத் தடை. எழுதாவிட்டால் கலைத்திருப்பார்கள் என்று பிறகு காட்டி வெல்ல இடம் இருக்கிறது, ஆனால் சாட்சி இல்லாத அறைக்குள் நடந்ததை எப்படிக் காட்டுவது? கையெழுத்து வைக்காமல் வீட்டுக்கு வாருங்கள். 'எம்' என்ற எழுத்தோடு சண்டை பிடிக்கலாம். உங்கள் கையெழுத்தோடு சண்டை பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். மறுத்தாலும் மேன்முறையீடு நடந்தாலும், இரண்டு கிழமைக்கு ஒருக்கா அனுப்புகிற அறிக்கையை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், வேலை தேடுகிற விவரத்தையும் எழுதி வைக்க வேண்டும். வென்ற பிறகு பழைய காசு அந்த அறிக்கைகளின்படிதான் வரும். அண்ணை முதலில் இதைச் செய்யவில்லை, "தர மாட்டன் எண்டவனுக்கு என்னத்துக்கு ரிப்போட்" என்று கோபம். அவருடைய மகள்தான் நாள் தவறாமல் போட்டுக்கொண்டு வந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

அவருக்குக் கிழமைக்கு 440 டொலர் கணக்கு, 800 டொலர் சம்பளத்தில் 55 வீதம். காத்திருப்புக் கிழமை ஒன்றைக் கழித்துவிட்டு நிலுவை ஒரேயடியாக வங்கியில் விழுந்தது. அதற்குள் அவருக்கு ஏஜாக்ஸ் பக்கம் ஒரு இரவு வேலை கிடைத்துவிட்டதால் அது வரைக்குமான காசுதான். மகளின் கல்லூரிக் கட்டணத்தை அதில் கட்டினார்கள். பிலிப்பினோ அம்மாவுக்கு ஒரு பெட்டி பலகாரம் போனது.

மார்ச் மாதம் வரிக்கு வந்தார். ஈ.ஐ. காசுக்கான ரீ4ஈ பத்திரத்தை நான் கணினியில் பதியப் பதிய, கட்ட வேண்டிய தொகை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதென்ன தங்கச்சி, சண்டை பிடிச்சு வாங்கின காசுக்கும் வரியோ?"

ஓம் அண்ணை, ஈ.ஐ.யும் வருமானம்தான் என்றேன். அதற்கும் மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்டார்.